கொன்ற பிறகு ஒரு விருந்து

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் விட்டதா?

இந்தப் பார்சலில் இரண்டு கேசட் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழிலாக இருந்தது. இப்போது காது மந்தம். தன்னிடம் இருக்கும் இசைத்தட்டுகளைத் தான் கேட்க முடியாததால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய தட்டிலிருந்துதான் இதைப் பதிவு செய்தேன்.

இதற்கு ஓரட்டோரியோ என்று பெயர். நாடகம் மாதிரி கதை உண்டு, வேஷம் கிடையாது. எல்லோரும் நின்ற இடத்தில் நின்று பாடுவார்கள். முந்நூறு வருடப் பழசு. வேதசாட்சியாக, தன் மதத்துக்காக உயிர் விட்ட ஒரு பெண்ணின் கதை. மிச்சத்தை நான் சொல்ல மாட்டேன், சுவை போய்விடும். மொழி புரியாதே என்று பயப்படாதே, எனக்கும் புரியாது. ஒன்று என்று ஒட்டியிருப்பதை முதலில் போடு. ஒட்டுவதிலும் எண் எழுதுவதிலும் நான் எப்படி என்று உனக்கே தெரியும்.

ஒன்பது மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் இரண்டு மாடி இறங்கி விழுந்த செய்தியைப் படித்திருப்பாய். எங்கள் கம்பெனி பராமரிப்பதுதான். ஒரு டீச்சருக்குக் கால் முறிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எனக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 21

அருமைத் தம்பிக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆள் என் முழங்கை, அது தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் அத்தான் இருமலை விடவில்லை, இருமலும் அவரை விடவில்லை.

கேசட்டுகளைப் பல் செட் லேபுக்கே கொண்டுபோய்விட்டேன். பாலிஷ் மோட்டார் ஓடும்போது ஒன்றும் கேட்காது. மெழுகில் பல் வரிசை அடுக்கும்போதுதான் போடுவேன். முதல் நாள் முதலாளி எட்டிப் பார்த்து, “யாரு வீட்டு இழவும்மா இது?” என்று கேட்டார். இரண்டாவது வாரம் அவரே வந்து, “அந்த அம்மா அழுவாங்களே, அதைப் போடு” என்கிறார்.

எடுத்த எடுப்பிலேயே ஒரே இருட்டு. ஒரு பெண் தனியாகப் பாடுகிறாள், சிறையாக இருக்க வேண்டும். ஒரு ஆண் குரல் அதட்டுகிறது. பிறகு வயதான பெண்குரல் ஒன்று வந்து கெஞ்சுகிறது பார், அது தாயார்தான், யாரும் சொல்ல வேண்டாம். அப்புறம் கொஞ்ச நேரம் எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது. அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டார்கள் என்று புரிந்தது. பல்லைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் இரண்டாவது கேசட்டில் என்னடா அது? ஒரே கும்மாளம்! குழல் ஊதுகிறார்கள், கோப்பை தட்டுகிற மாதிரி சின்னச் சின்ன மணிச்சத்தம், குடும்பமே சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. செத்த பெண்ணும் கூடவே பாடுகிறாள்! கடைசியில் டம், டம், டம் என்று முரசு மூன்று முறை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உடனே எல்லோரும் நாற்காலியைத் தள்ளி எழுந்து நிற்கும் சத்தம் கூடக் கேட்கிறது. வந்த விருந்தாளி யார் என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். கொன்ற பிறகு விருந்து வைக்கிற கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் எனக்குப் பிடித்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ “ஒன்றுமில்லை” என்று எழுதினால் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வயதில் கையை உடைத்துக்கொண்டு வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னாய். என்ன என்று எழுது.

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். இரண்டாவதுதான் முதலாவது. விருந்து கதையின் ஆரம்பம், அந்தப் பெண்ணின் வீட்டில் நடப்பது. முரசுச் சத்தம் அவளைப் பிடித்துப்போக வந்த சேவகர்கள். நீ எழுதிய நாற்காலிச் சத்தம் நிஜம்தான், பதிவு செய்த அன்று கோஷ்டியார் எழுந்து நின்ற சத்தமாம், கீழ்வீட்டுச் சுருதிக்காரர் சொன்னார். அடுத்த பகுதியில்தான் சிறை, தாய், சாவு. எண்களை மாற்றிக்கொள். பதினான்கு வருடமாக மற்றவர்கள் வேலையைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

கேட்டதால் சொல்கிறேன். போன அக்டோபரில் அந்த லிஃப்டைப் பரிசோதித்தது நான். இரும்புக் கயிற்றில் ஒரே முறுக்கில் பதினோரு கம்பி அறுந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் கயிறு மாற்ற வேண்டும், அதுவரை லிஃப்ட் ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இப்போது விசாரணை வருகிறது. “அளவெடுத்ததில் நான் பிழை செய்துவிட்டேன், என் அறிக்கையை நம்ப வேண்டாம்” என்று நான் எழுதித் தர வேண்டுமாம். தந்தால் கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியாது என்று ஆகிவிடும். பழி எண்ணெய் போடுகிற மெக்கானிக் தலையில் விழும். நாங்கள் அவரைக் கிரீஸ்காரர் என்போம். கயிறு மாற்றச் சொல்லி என்னோடு சேர்ந்து நடையாய் நடந்தவரே அவர்தான்.

எழுதித் தந்தால் என் வேலை நிலைக்கும். தராவிட்டால் இந்தத் தொழிலில் வேறு யாரும் சேர்க்காதபடி பார்த்துக்கொள்வார்கள். ஜூன் பத்தாம் தேதி பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கதையில் அவளிடம் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? அரசன் சிலைக்கு முன்னால் நெருப்பில் ஒரு சிட்டிகை தூபம் போடச் சொல்கிறார்கள். அவ்வளவுதான். போட்டால் வீட்டுக்குப் போகலாம்.

முழங்கைக்கு ஒத்தடம் கொடு.

உன் தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

உடம்பெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

போட்டுவிட்டு வாடா அந்தத் தூபத்தை! ஒரு சிட்டிகை. கையைக் கழுவினால் போய்விடும். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த மேலாளர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், உன்னை விற்றுவிட்டு ஓய்வுபெற்றுப் போய்விடுவான். உனக்கு முப்பத்தெட்டு வயது. வேறு தொழில் என்ன தெரியும்? ஆழம் தெரியாமல் காலை விடாதே.

அந்தத் தாயார் பாட்டை இப்போது தினமும் கேட்கிறேன். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பது அந்தப் பாட்டில் அப்படியே இருக்கிறது. நாலு முறை ஒரே வார்த்தையைச் சொல்கிறாள், நாலாவது முறை குரல் பாதியில் தேய்கிறது. மகளுக்கு என்ன, சொர்க்கத்துக்குப் போய்விடுவாள். மறுநாள் காலையில் அந்தத் தாய் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டுமே, அதற்கு யாராவது பாட்டு எழுதினார்களா? உன் சுருதிக்காரரைக் கேள்.

கேசட்டை நான் மாற்றிக்கொள்ளவில்லை. உன் லேபிள்படிதான் கேட்கிறேன். பழகிவிட்டது.

கிரீஸ்காரருக்கு எத்தனை பிள்ளைகள்? வேண்டாம், எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னித்துக்கொள். நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அலுவலகத்தில் என் மேஜையைக் கழிவறை வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு வேலையும் தருவதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இப்போது என் வேலை. சக ஊழியர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சிறையில் அவள் கடைசியாகப் பாடுவதைக் கவனித்தாயா? முதலில் நிதானமாக ஒரு பகுதி. நடுவில் கொஞ்சம் கலவரம். மறுபடி அந்த முதல் பகுதியே திரும்ப வரும், ஆனால் வேறு சங்கதிகளோடு. சுருதிக்காரர் தட்டின் மேல் கண்ணை வைத்தபடியே சொன்னார்: “அதே வார்த்தைதான் தம்பி. ஆனா நடுவுல பயந்துட்டு வந்து சொல்றா பாருங்க. அதனாலதான் வேற மாதிரி இருக்கு.” அந்த இடத்தில் பாடுகிறவள் மூச்சு இழுக்கும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. பதிவில் அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த மூச்சுதான் பாட்டைவிடப் பிடிக்கிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா.

ஆனால் அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? லாரி நிறுக்கும் எடை மேடைக் கணக்கை மாற்றி எழுதச் சொன்னபோது அவர் மாற்றினாரா? வேலையே போனாலும் போகட்டும் என்று வரவில்லையா? எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா பகலிலும் வீட்டில் இருந்தார் என்பது மட்டும் ஞாபகம். எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. அவர் பிள்ளை நான் என்று சொல்லிக்கொள்வதில்தான் எனக்குப் பெருமை. உனக்கும் அப்படித்தானே?

பதில் போடு.

உன் தம்பி

*

மே 14

அன்பு மைத்துனருக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் அக்கா பேனாவைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது. உன் கடிதத்தைச் சமையல் மேடை அலமாரியில் வைத்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டியே வேலை செய்கிறாள். கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்தத் தாயார் பாடுவதை முடியும் முன்பே திருப்பித் திருப்பி ஓட்டுகிறாள். மொழி தெரியாத எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நேற்று குளிக்கும்போது நானும் பாடினேன், பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை, உங்கள் அப்பாவைப் பற்றி நீ கேட்டிருக்கிறாய். உனக்கு யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உங்கள் அப்பா வேலையை விட்டு வந்த மூன்றாவது வாரம் உன் அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள். பதினாறு வயது. வகுப்பில் முதல் மாணவி. பல் டாக்டராக வேண்டும் என்று எலும்புக்கூட்டுப் படமெல்லாம் வரைந்து வைத்திருந்தாள். அதே வருடம் இந்த லேபில் பிளாஸ்டர் கிண்ணம் கழுவச் சேர்ந்தாள். முப்பத்து மூன்று வருடமாக டாக்டர்கள் அனுப்பும் சீட்டைப் பார்த்துப் பல் செய்கிறாள். சீட்டில் தப்பிருந்தால் இவள்தான் திருத்துகிறாள், பேர் அவர்களுக்கு. என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள், கல்யாணமான புதிதில்.

இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. எனக்குச் சாப்பாடு வேண்டும்.

அன்புடன், அத்தான்

*

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கக் கூடாது. மேலாளரிடம் பேசிவிட்டேன். பத்தாம் தேதி எழுதிக் கொடுக்கிறேன். மேஜையைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டார்கள், ஜன்னல் பக்கம். கிரீஸ்காரரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “உங்களுக்கும் குடும்பம் இருக்கு சார்” என்றார். எனக்கு நீங்கள் இருவர்தானே குடும்பம், ஆமாம் என்றேன்.

சுருதிக்காரரின் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாள் எதுவும் கேட்க வேண்டாம் போல இருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும் அக்கா. உன் பள்ளிக்கூடச் சீருடை என்ன நிறம்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

உன் தம்பி

*

மே 31
(விரைவுத் தபால்)

என் தம்பிக்கு,

நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. உனக்கு ஞாபகம் இராது, ஏனென்றால் அம்மா அந்தப் பாவாடையை வெட்டி உனக்கு இரண்டு கால்சட்டை தைத்தாள்.

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். கடிதம் எழுதிய அன்று கவரோடு சேர்த்து மேஜையிலும் பசை தடவி வைத்திருந்தார். இரண்டு நாளாக நான் சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறார். அதனால் மன்னித்துவிட்டேன்.

நீ கையெழுத்துப் போடப்போகிறாய் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். அதைத்தானே கேட்டேன். ஆனால் வரவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டேன், உன் லேபிள்படி. இந்த முறை தாயார் பாட்டோடு நிறுத்தவில்லை. சாவும் தாண்டி விருந்துவரை கேட்டேன். அப்போதுதான் நான் ஏன் இத்தனை நாளாக மாற்றிக்கொள்ளவில்லை என்று எனக்கே விளங்கிற்று.

அப்பா வேலையை விட்டு வந்த அன்று மணி நாலு இருக்கும். கையில் குடையும் ஆபீசில் வைத்திருந்த டம்ளரும். அம்மா அந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். நான் அழத் தயாராக நின்றேன். அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து, “பசிக்குதும்மா, எல்லாரும் ஒண்ணா உக்காருங்க” என்றார். அந்த நேரத்தில் யார் வீட்டில் சாப்பிடுவார்கள்? உட்கார்ந்தோம். அதற்கு முன் மூன்று மாதமாக அவர் தட்டில் சோறு மிஞ்சும், அன்றைக்கு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நீ அவர் மடியில் ஏறிக்கொண்டு அவர் வாயில் ஊட்டினாய், பாதி மூக்கில் போயிற்று. அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நம் வீட்டில் அதுபோல ஒரு சாப்பாடு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நம்மைப் பொறுத்தவரை கொன்றது முதலில், விருந்து பிறகு. நீ தப்பாக ஒட்டியதுதான் நம் வீட்டுக் கதை.

மூன்று வாரம் கழித்து அப்பா என்னைக் கேட்டார்: “படிப்பை நிறுத்தினதுல உனக்கு வருத்தமாம்மா?” இல்லை என்றேன். பொய். வருத்தம்தான். இன்றைக்கும், பல் டாக்டர் யாராவது வெள்ளைக் கோட்டோடு லேபுக்குள் வந்தால் எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடாது. அப்பா மேல் எத்தனையோ வருடம் கோபமாக இருந்தேன், அவர் போன பிறகும். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். அவர் அந்தக் கணக்கை மாற்றி எழுதிவிட்டு வந்து என்னைப் படிக்க வைத்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தச் சாயங்காலம் என் கையிலிருந்து போய்விடுகிறது. அதைக் கொடுத்துவிட்டு எனக்கு வெள்ளைக் கோட்டு வேண்டாம்.

எனக்காகப் போடாதே. என் பதினாறு வயதைக் கொண்டுபோய் அந்த மேலாளர் மேஜையில் வைக்காதே.

நீ தப்பே செய்யாதவன் இல்லை. கேசட்டில் லேபிளை மாற்றி ஒட்டினாய், அதற்கு வேண்டுமானால் எழுதிக் கொடு, நான் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறேன். ஆனால் பதினோரு கம்பி அறுந்திருந்தது. நீ எண்ணினாய். பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை.

பயமாக இருக்கும். இருக்கட்டும். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு சொல். பிறகு நேராக வீட்டுக்கு வா.

அக்கா

*

ஜூன் 11
(விரைவுத் தபால்)

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம்.

நேற்று மேஜையில் தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தார்கள். “என் அளவு சரியானது, பதினோரு கம்பி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் படித்துவிட்டு, “நல்லா யோசிச்சீங்களா?” என்றார். யோசித்தேன் என்று சொல்வதற்கு முன் மூச்சு இழுத்தேன் பார், அறை முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்காரர்கள் அறிக்கையின் நகலை என்னிடமிருந்து வாங்கிப் போனார்கள். அடுத்து என்ன ஆகும் என்று தெரியாது. கிரீஸ்காரர் வாசல்வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுருதிக்காரரிடம் சொன்னேன். காதில் விழுந்ததா தெரியவில்லை, ஆனால் அந்தத் தட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்து, “உங்க அக்காவுக்கு” என்றார்.

இனி என்ன வேலைக்குப் போவேன் என்று யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அறையைக் காலி செய்ய இரண்டு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன். வீட்டுக்கு வந்து சேர நாலு மணி ஆகிவிடும். சாப்பாட்டு நேரம் இல்லை, சிரமப்படாதே.

உன் தம்பி

*

ஜூன் 13
(அக்கா வீட்டு வாசற்கதவில் ஒட்டியிருந்த சீட்டு)

தம்பி,

சாப்பாடு தயார். உன் அத்தான் மத்தியானத்திலிருந்து பசியோடு உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் சாப்பாட்டு நேரம் நாலு மணி என்கிறார்.

கதவைத் தாழ் போடவில்லை. ஆனாலும் சும்மா தள்ளிக்கொண்டு வந்துவிடாதே. மூன்று முறை தட்டு. நாங்கள் நாற்காலியைத் தள்ளி எழுந்து நிற்க வேண்டும்.

அக்கா